‘லொக் தானே, அழித்துவிடு’: சேர்வர் பார்ப்பவர்களுக்குத் தரவுத்தளம் பற்றி

2017 ஒக்டோபரில் வெளிவந்த, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 10ஆம் பதிப்பில் ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினார்கள். அதுவரை ‘பிஜி எக்ஸ்லொக்’ என்று இருந்தது, ‘பிஜி வால்’ ஆனது. டிஸ்க் நிறைந்துபோகும் நேரத்தில் சேர்வர் பார்ப்பவர்கள் உள்ளே போய், பெயரில் ‘லொக்’ என்று இருப்பதைக் கண்டு, ‘லொக் தானே’ என்று எல்லாவற்றையும் அழித்துக்கொண்டிருந்தார்கள். பெயரை மாற்றியதற்கு அது ஒரு முக்கிய காரணம். அழித்த பிறகு டிஸ்க்கில் இடம் வந்தது. தரவுத்தளம் மட்டும் எழும்பவில்லை.

அழித்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. வெப் சேர்வரில் லொக் என்பது நடந்ததை எழுதிவைக்கும் குறிப்பு. அழித்தால் வரலாறு போகும், வேலை நிற்காது. அந்தப் பழக்கத்தோடு தரவுத்தளச் சேர்வருக்குள் போகும்போதுதான் வினை. ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது, ஃபைலை அப்படியே கொப்பி எடுப்பது, ஸ்னாப்ஷொட் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது என்று, மற்ற சேர்வர்களில் நமக்குக் கைகொடுத்த பழக்கங்கள் பல இங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஏன் என்று புரிந்துகொள்ள தரவுத்தளத்திடம் பேசும் மொழியான எஸ்கியூஎல் எழுதத் தெரியவேண்டியதில்லை. அந்த லொக் என்ன செய்கிறது என்று தெரிந்தால் முக்கால்வாசி விளங்கிவிடும்.

கொழும்பில் இந்த விஷயத்துக்குத் தனித் தேவை இருக்கிறது. வங்கிகளிலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் டிபிஏ, அதாவது தரவுத்தள நிர்வாகிகள், குழு என்று தனியாக ஒன்று உட்கார்ந்திருக்கும். மற்ற இடங்களில், அதாவது ஆடை ஏற்றுமதி நிறுவனம், தனியார் மருத்துவமனை, கப்பல் முகவர் அலுவலகம், புறக்கோட்டை இறக்குமதியாளர் என்று எங்கே போனாலும், நெட்வேர்க் பார்ப்பவர்தான் சேர்வரும் பார்ப்பார், அவரே பெக்கப்பும் பார்ப்பார். 2022க்குப் பிறகு அனுபவசாலிகள் பலர் மெல்பேர்னுக்கும் டொராண்டோவுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பாஸ்வேர்ட் பட்டியலோடு தரவுத்தளமும் இவர் தலையில் வந்து விழுந்திருக்கும்.

ஐபிஎம்மில் வேலைசெய்த எட்கர் கொட் 1970இல் தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் தொடர்புசார் மாதிரியை முன்வைத்தபோது, அவருடைய அடிப்படை ஆசையே, தரவு இயந்திரத்துக்குள் எப்படிக் கிடக்கிறது என்று பயனர் அறியத் தேவையிருக்கக் கூடாது என்பதுதான். எழுதுகிற நிரலாளருக்கு அந்த வரம் கிடைத்துவிட்டது. ‘இந்த வாடிக்கையாளரின் மீதி என்ன’ என்று கேட்டால் போதும், எந்த டிஸ்க்கில் எந்த இடத்தில் என்று அவர் கவலைப்படுவதில்லை. அந்த வரத்தில் நமக்குப் பங்கில்லை. இயந்திரத்துக்குள் எப்படிக் கிடக்கிறது என்பதுதான் நம் வேலையே.

கொமிட் என்றால் என்ன நடக்கிறது

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பழைய மொத்தக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வியாபாரம் நடக்க நடக்க எல்லாவற்றையும் ஒரே நாளேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு போவார்கள். யாருடைய கணக்கு என்று தேடிப் பக்கம் புரட்டுவதற்கு நேரமில்லை. பின்னேரம் கடை சற்று ஓய்ந்ததும், நாளேட்டைப் பார்த்து ஒவ்வொருவரின் பேரேட்டுப் பக்கத்திலும் பதிவார்கள். இடையில் பேரேடு நனைந்து பாழானாலும், பழைய பேரேடு ஒன்றும் அதற்குப் பிந்திய நாளேடும் கையில் இருந்தால் கணக்கை மறுபடி கட்டியெழுப்பலாம். நாளேடு தொலைந்தால் அன்றைய கணக்கு அதோடு சரி.

தரவுத்தளமும் இதையேதான் செய்கிறது. தரவு டிஸ்க்கில் பக்கம் பக்கமாக இருக்கிறது. போஸ்ட்கிரெஸிலும் மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வரிலும் ஒரு பக்கம் 8 கிலோபைட். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் வழமையாக 16 கிலோபைட். ஒரு வரியை மாற்றவேண்டுமென்றால் அந்தப் பக்கம் முழுவதையும் ரேமுக்குக் கொண்டுவந்து, அங்கேயே மாற்றுகிறது. மாறிய பக்கத்தை உடனே டிஸ்க்குக்கு எழுதுவதில்லை. ‘இந்தப் பக்கத்தில் இந்த மாற்றம்’ என்ற குறிப்பை மட்டும் லொக்கில் எழுதி, அது டிஸ்க்கில் உறுதியாக விழுந்துவிட்டது என்று இயங்குதளம் சொல்லும்வரை காத்திருந்து, அதன் பிறகே ‘கொமிட் ஆகிவிட்டது’, அதாவது மாற்றம் உறுதியாகிவிட்டது, என்று அப்ளிகேஷனுக்குப் பதில் அனுப்புகிறது. மாறிய பக்கங்கள் பிறகு ஆறுதலாக டிஸ்க்குக்குப் போகும். அப்படி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ‘இதுவரை சரி’ என்று கோடு போடும் இடத்துக்குச் செக்பொயின்ட் என்று பெயர். போஸ்ட்கிரெஸில் அதன் இயல்பான இடைவெளி 5 நிமிடம்.

ஆக, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் உண்மை நிலை எந்த ஒரு ஃபைலிலும் முழுதாக இருப்பதில்லை. கொஞ்சம் டேட்டா ஃபைலில், கொஞ்சம் ரேமில், மிச்சம் லொக்கில். மின்சாரம் போனால் ரேமில் இருந்தது போகும். திரும்ப எழும்பும்போது கடைசி செக்பொயின்டிலிருந்து லொக்கை வாசித்து, விடுபட்ட மாற்றங்களைப் பக்கங்களில் மறுபடி போடும். கொமிட் ஆகாமல் பாதியில் நின்றதைச் செல்லாமலாக்கும். ஒருவர் கணக்கிலிருந்து 5,000 ரூபா கழிந்து மற்றவர் கணக்கில் சேராமல் நிற்பது என்ற நிலை வராமல் காப்பது இந்த வேலைதான். லொக்கை அழித்தவர், இந்த மீட்புக்கான ஒரே வழியை அழித்திருக்கிறார்.

பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறும். போஸ்ட்கிரெஸில் வால் (‘முன்கூட்டி எழுதும் லொக்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), ஒராக்கிளிலும் இன்னோடிபியிலும் ரீடூ லொக், எஸ்கியூஎல் சேர்வரில் டிரான்செக்ஷன் லொக். மைஎஸ்கியூஎல்லில் இதற்கு மேல் பின்லொக் என்று இன்னொன்றும் உண்டு. ரெப்ளிகாவுக்கு, அதாவது இன்னொரு சேர்வரில் கூடவே ஓடும் நகலுக்கு, அனுப்புவதற்கும், குறித்த நேரத்துக்கு மீட்பதற்கும். இவை தவிர, பிழைச் செய்திகளை எழுதும் சாதாரண எரர் லொக் ஒன்றும் இருக்கும். அதை அழித்தால் குடி முழுகாது.

டிஸ்க் சொல்லும் பொய்

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: ‘எழுதிவிட்டேன்’ என்று டிஸ்க் சொன்னால் அது உண்மையில் எழுதியிருக்கவேண்டும். எழுதாமலே சொல்லும் டிஸ்க்குகள் இருக்கின்றன. வேகத்துக்காகத் தன் சொந்தக் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு, ‘முடிந்தது’ என்று பதில் அனுப்பிவிடும். கரண்ட் இருக்கும்வரை இந்தப் பொய் வெளியில் தெரியாது.

இலங்கையில் கரண்ட் எப்படி என்று இந்தக் கட்டுரை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததில் நாடு முழுக்க இருண்டது. யூபிஎஸ், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும்தான். ஆனால் யூபிஎஸ்ஸின் பெட்டரி செத்திருப்பது, ஜெனரேட்டர் எடுக்காமல் விடும் அந்த ஒரு நாளில்தான் தெரியவரும்.

இந்தக் காரணத்தால்தான் தரவுத்தளத்துக்கு எஸ்எஸ்டி வாங்கும்போது வேகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. மின்சாரம் அறுந்தாலும் கேஷில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு உள்ளேயே கெபாசிட்டர் வைத்த சேர்வர் வகை எஸ்எஸ்டிகள் உண்டு. யூனிட்டி பிளாசாவில் கேமிங் கணினிக்கென்று விற்கும் எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. விலை வித்தியாசத்தைக் கண்டு மேலிடம் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும், இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ரெய்ட் கொன்ட்ரோலரில் பெட்டரியோடு வரும் கேஷுக்கு வேறொரு குணம் இருக்கிறது. அந்தப் பெட்டரி சில வருடங்களில் சாகும். செத்ததும் கொன்ட்ரோலர் பாதுகாப்புக் கருதி, கேஷை நம்பாமல் நேரே டிஸ்க்குக்கு எழுதத் தொடங்கும். யாரும் எதையும் மாற்றவில்லை, புது ரிலீஸ் எதுவும் இல்லை, ஆனால் நேற்றுவரை பறந்த சிஸ்டம் இன்று தவழ்கிறது. நிரலாளர்கள் குவெரியை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) கிண்டுவார்கள், டிபிஏ இன்டெக்ஸை (வரிகளைச் சீக்கிரம் தேட உதவும் சுட்டியை) கிண்டுவார். ரெய்ட் பெட்டரியின் நிலையைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அங்கே நமக்கு மட்டும்தான் வரும்.

ஸ்டோரேஜ் கிராஃபைப் பார்ப்பதிலும் இதே விஷயம். ஒரு செக்கனுக்கு எத்தனை மெகாபைட் என்ற கோடு தாழ்வாக, அழகாகத்தான் இருக்கும். கொமிட் காத்திருப்பது அதற்காக அல்ல; ஒரு சின்ன எழுத்து விழுந்து முடிய எத்தனை மில்லி செக்கன் எடுக்கிறது என்பதற்காக. 7,200 சுற்று டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி செக்கன் வேண்டும். கேஷ் எதுவும் இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கொமிட் செய்தால் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 120தான் போகும். ஒவ்வொன்றும் சில நூறு பைட் என்றால் கிராஃபில் அது ஒரு பொட்டுக்கூடக் காட்டாது.

லொக் ஏன் குவிகிறது

ஒழுங்காக ஓடும் தரவுத்தளத்தில், தேவை முடிந்த லொக் ஃபைல்களைத் தரவுத்தளமே அப்புறப்படுத்தும், அல்லது மறுபடி பாவிக்கும். குவிகிறதென்றால், ‘இது இன்னும் யாருக்கோ வேண்டும்’ என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. யாருக்கு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

போஸ்ட்கிரெஸில் அடிக்கடி காண்பது ரெப்ளிகேஷன் ஸ்லொட். ஒரு ரெப்ளிகா இருந்தது, எப்போதோ அந்த மெஷினை மூடிவிட்டார்கள், ஸ்லொட்டை மட்டும் அகற்றவில்லை. அந்த ரெப்ளிகா ஒரு நாள் திரும்ப வந்து கேட்கும் என்று பிரதான சேர்வர் வால் ஃபைல்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் 16 மெகாபைட். 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு உச்ச வரம்பு வைக்கலாம், ஆனால் யாராவது வைத்தால்தான் உண்டு. அடுத்தது, லொக்கை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கும் ஆர்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருப்பது. நெட்வேர்க் டிரைவின் பாஸ்வேர்ட் மாறியிருக்கும். அங்கே போய்ச் சேரும்வரை இங்கே அழிக்க மாட்டாது.

எஸ்கியூஎல் சேர்வரில் தரவுத்தளம் ஃபுல் ரிகவரி மாதிரியில் இருந்தால், லொக் பெக்கப் எடுத்தால் மட்டுமே லொக்கினுள் இடம் விடுபடும். தினமும் இரவு ஃபுல் பெக்கப் எடுக்கிறோமே என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஃபுல் பெக்கப் லொக்கைச் சுருக்காது. 20 கிகாபைட் தரவுக்கு 300 கிகாபைட் லொக் இருக்கிறதென்றால் கதை இதுவாகத்தான் இருக்கும். ஒராக்கிளில் ஆர்கைவ் இடம் நிறைந்தால் அது இன்னும் கறார்: மாற்றங்கள் எல்லாம் அப்படியே நிற்கும், இடம் கொடுக்கும்வரை அசையாது.

டிஸ்க் 98 சதவீதம் என்று எலர்ட் வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? முதலில் வொல்யூமைப் பெரிதாக்கப் பாருங்கள். விஎம் (மெய்நிகர் சேர்வர்) என்றால் அது சில நிமிட வேலை. பெரிதாக்க வழியில்லாத இடத்தில் ஒரு பழைய தந்திரம் உண்டு. அதே டிஸ்க்கில் 5 கிகாபைட்டில் ஒரு வெற்று ஃபைலை முன்கூட்டியே போட்டு வைப்பது. அவசரத்தில் அதை அழித்தால் மூச்சு விட நேரம் கிடைக்கும். அப்புறம் காரணத்தைத் தேடலாம். பின்லொக்கைக் குறைக்கவேண்டுமென்றால் மைஎஸ்கியூஎல்லுக்குள் போய் அதன் கட்டளையாலேயே குறைக்கவேண்டும், வெளியிலிருந்து ஃபைலை அழிக்கக் கூடாது. மைஎஸ்கியூஎல் 8இல் ஒன்றும் செய்யாமல் விட்டால் பின்லொக் 30 நாள் நிற்கும். டிஸ்க் அளவைத் தீர்மானிக்கும்போதே அதைக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

ரீஸ்டார்ட் பண்ணட்டா?

மாதம் 25ஆம் திகதி, சம்பளம் போடும் நாள். மதியம் ஒன்றேகால். டெமட்டகொடையில் ஒரு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணா, பேரோல் அப்படியே ஹேங் ஆகிட்டுது. எச்ஆர்ல இருந்து கோல் மேல கோல். சிபியூ 4 சதவீதம்தான். டேட்டாபேஸை ரீஸ்டார்ட் பண்ணட்டா?”

“பொறு தம்பி. சிபியூ சும்மா இருக்குது, ஆனா வேலை நடக்கேல்லை எண்டா, ஆரோ ஆருக்காகவோ காத்துக்கொண்டு நிக்கினம். அது ஆரெண்டு முதல்ல பார்.”

பார்ப்பது கடினமில்லை. போஸ்ட்கிரெஸில் ஓடிக்கொண்டிருக்கும் செஷன்களின் பட்டியலை ஒரு சாதாரண குவெரியால் எடுக்கலாம். எடுத்தால் இப்படித் தெரியும்: நாற்பது செஷன்கள் ‘லொக்’ (இது பூட்டு, இதுவரை பேசிய பதிவு லொக் அல்ல) என்று காத்திருக்கின்றன, எல்லாம் பேரோல் அப்ளிகேஷனிலிருந்து வந்தவை. ஒரே ஒன்று மட்டும் ‘ஐடில் இன் டிரான்செக்ஷன்’ என்று, அதாவது தொடங்கிய மாற்றத்தை முடிக்காமல் சும்மா, கிடக்கிறது. ஒரு நிரலாளரின் லெப்டொப்பிலிருந்து வந்தது, ஆரம்பித்தது 12:20. அவர் ஊழியர் அட்டவணையில் ஏதோ ஒரு வரியைத் திருத்தியிருக்கிறார். கொமிட் கொடுக்கவில்லை. சோற்றுப் பார்சல் வந்துவிட்டது, சாப்பிடப் போய்விட்டார். அவர் திருத்திய வரியின் மேல் பூட்டு அப்படியே இருக்கிறது. அந்த வரியைத் தொடவேண்டிய பேரோல் நிற்கிறது, அதன் பின்னால் மற்றவை வரிசையில் நிற்கின்றன.

அந்த ஒரு செஷனை முறைப்படி நிறுத்தினால் போதும், எல்லாம் ஓடும். அதற்குப் பதில் இயங்குதளத்திலிருந்து ‘கில் 9’ அடித்து அதை வலுக்கட்டாயமாகக் கொன்றால், போஸ்ட்கிரெஸ் ‘பொது நினைவகம் கெட்டிருக்கலாம்’ என்று அஞ்சி, எல்லா இணைப்புகளையும் அறுத்து, லொக்கிலிருந்து மீளத் தொடங்கும். முழு ரீஸ்டார்ட் அடித்தாலும் பூட்டுப் போகும்தான், ஆனால் ரேமில் சூடாக இருந்த பக்கங்கள் எல்லாம் போய், சம்பள நாளன்று ஒவ்வொன்றாக டிஸ்க்கிலிருந்து வரவேண்டும். இன்னும் மோசம், பெரிய டிரான்செக்ஷன் ஒன்று ரோல்பெக் ஆகிக்கொண்டிருக்கும்போது, அதாவது செய்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கும்போது, ரீஸ்டார்ட் அடிப்பது. இன்னோடிபியோ எஸ்கியூஎல் சேர்வரோ எழும்பிய பிறகும் அந்த ரோல்பெக்கை முடித்தே ஆகும். ஒரு மணித்தியாலம் ஓடிய மாற்றத்தைத் திரும்பப் பெற அதற்குக் குறையாத நேரம் போகலாம். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

இப்படிச் சும்மா திறந்து கிடக்கும் டிரான்செக்ஷன்களைக் குறித்த நேரத்தின் பின் தானாக வெட்டும் அமைப்பு போஸ்ட்கிரெஸில் 9.6ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. இயல்பில் அது அணைந்திருக்கும். நிரலாளர்களிடம் சொல்லிவிட்டுப் போட்டுவிடுங்கள். சொல்லாமல் போட்டால் வேறு சண்டை வரும்.

ரேம் பற்றி ஒரு விஷயம். 64 கிகாபைட் ரேம் உள்ள புத்தம் புதுச் சேர்வரில் மைஎஸ்கியூஎல்லைப் போட்டு, எந்த அமைப்பையும் தொடாமல் விட்டால், அது தன் பஃபர் பூலுக்கு எடுத்துக்கொள்வது 128 மெகாபைட். போஸ்ட்கிரெஸின் பகிர்வு பஃபரும் வழமையாக அதே 128தான். காசு கொடுத்து வாங்கிய ரேமின் பெரும்பகுதி தரவுத்தளத்தின் கைக்குப் போகவே இல்லை. தரவுத்தளத்துக்கென்றே உள்ள சேர்வரில் போஸ்ட்கிரெஸுக்குக் காற்பங்கில் தொடங்கலாம், இன்னோடிபிக்கு அதைவிடத் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்காக முழுவதையும் கொடுத்துவிடவும் கூடாது. லினக்ஸில் ரேம் தீர்ந்தால் கேர்னல் ஒருவரைப் பலிகொடுக்கும், பெரிய உருவம் யாருடையது என்று பார்த்தால் அது தரவுத்தளமாகத்தான் இருக்கும். விஎம்மில் ஓடுகிறதென்றால் அந்த விஎம்முக்குக் கொடுத்த ரேமை ஒதுக்கீடாகவே வைத்துவிடுங்கள். மற்ற விஎம்களோடு பங்குபோட விடாதீர்கள்.

‘டூ மெனி கனெக்ஷன்ஸ்’ என்ற பிழை வந்தால் எண்ணைக் கூட்டிவிடுவதுதான் எல்லாரும் செய்வது. போஸ்ட்கிரெஸில் இயல்பு 100, மைஎஸ்கியூஎல்லில் 151. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ரொசெஸ் ஒன்றை உருவாக்கும். 100ஐ 1,000 ஆக்கினால், எட்டு கோர் உள்ள சேர்வரில் ஆயிரம் பேர் நெரிபடுவார்கள். முன்னால் பிஜிபவுன்சர் போன்ற, இணைப்புகளைப் பகிர்ந்துகொடுக்கும் பூலர் ஒன்றை வைப்பதுதான் வழி. பெரும்பாலும் அதற்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, இணைப்புகள் ஏன் விடுபடாமல் நிற்கின்றன என்பது. அதன் பதில் மேலே சொன்ன சாப்பாட்டு நேரப் பூட்டாகவும் இருக்கலாம்.

இன்டெக்ஸ் நம் வேலை இல்லை. ஆனால் அறிகுறி தெரிந்திருக்கவேண்டும். புது ரிலீஸ் போன அடுத்த நிமிடம் சிபியூ 100க்கு ஏறி அங்கேயே நிற்கிறதென்றால், பத்து மில்லியன் வரியுள்ள அட்டவணையை ஏதோ ஒரு குவெரி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிறது. இன்டெக்ஸ் இருந்தால் நாலைந்து பக்கத்தோடு முடிகிற வேலை அது. ஸ்லோ குவெரி லொக்கைத் திறந்துவைத்து, அதை நிரலாளர் கையில் கொடுங்கள். கோர்களைக் கூட்டிக் கொடுத்தால் அடுத்த மாதம் இன்னும் கேட்பார்கள்.

பெக்கப்

லொக்கை விளங்கிக்கொண்டவருக்குப் பெக்கப்பில் புதிதாக ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் ஃபோல்டரைச் சாதாரணமாகக் கொப்பி எடுத்தால், முதல் ஃபைல் பத்து மணி நிலையிலும் கடைசி ஃபைல் பத்தரை நிலையிலும் இருக்கும். அந்த இடைவெளியை இட்டுநிரப்பும் லொக் உடன் இல்லையென்றால் அது வெறும் குப்பை. முறையான பௌதிகப் பெக்கப் கருவிகள் செய்வது இதைத்தான்: ஃபைல்களோடு சேர்த்து, அந்த நேரத்தில் ஓடிய லொக்கையும் எடுக்கின்றன. அதற்குப் பிந்திய லொக்கைத் தொடர்ந்து சேமித்தால், ‘நேற்றுப் பிற்பகல் 2:14க்கு இருந்தபடி கொண்டுவா’ என்றுகூட மீட்கலாம். டம்ப் எடுப்பது, அதாவது ஃபைல்களை விட்டுத் தரவை மட்டும் எழுதி எடுப்பது, வேறு வகை. சிறிய தரவுத்தளத்துக்கும் பதிப்பு மாற்றத்துக்கும் நல்லது. எடுத்த நேரத்துக்கு மட்டுமே திரும்பலாம்.

விஎம் ஸ்னாப்ஷொட்? எல்லா டிஸ்க்கையும் ஒரே கணத்தில் எடுத்தால், அது கரண்ட் போன கணத்து நிலைக்குச் சமம். தரவுத்தளம் லொக்கைக் கொண்டு மீண்டுவிடும். டேட்டா ஒரு வொல்யூமில், லொக் வேறொரு வொல்யூமில், இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் எடுத்தால் அந்த உத்தரவாதம் போச்சு. ரெப்ளிகாவைப் பெக்கப் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி போதும்: அட்டவணையைத் தவறுதலாக அழித்தால் ரெப்ளிகாவும் ஓரிரு செக்கனுக்குள் மிக விசுவாசமாக அதை அழிக்கும்.

2017 ஜனவரி 31ஆம் திகதி நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் நடந்தது இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த கதை. ரெப்ளிகாவில் இருப்பதாக நினைத்த பொறியாளர் ஒருவர், பிரதான சேர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5தான் மிஞ்சியது. கதையின் முக்கிய பகுதி அதற்குப் பிறகு வருவது. தினசரி டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6, டம்ப் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது, பெக்கப் வைக்கும் இடம் காலியாக இருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் பெறும் பக்கச் சேர்வர் நிராகரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கைகொடுத்தது, வேறு தேவைக்காகச் சுமார் ஆறு மணித்தியாலத்துக்கு முன் யாரோ கையால் எடுத்த ஸ்னாப்ஷொட் ஒன்று. அவர்கள் எல்லாவற்றையும் மறைக்காமல் வெளியில் எழுதியதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரியும். நம் ஊரில் இப்படி எழுதும் வழக்கம் வந்தால் எவ்வளவோ நல்லது.

நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. 2023 ஓகஸ்ட்டில் லங்கா அரச கிளவுட் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானபோது, சேவையைச் சீக்கிரமே மீட்டுவிட்டார்கள். ஆனால் அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களை மீட்கப் பெக்கப் இல்லாமல் போனது. மின்னஞ்சல் என்றாலும் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக எப்போது ஒரு பெக்கப்பை எடுத்து, வேறொரு சேர்வரில் ஏற்றி, உள்ளே தரவு இருக்கிறதா என்று பார்த்தீர்கள்? ‘பெக்கப் சக்ஸஸ்’ என்ற பச்சை நிறத்தை நான் நம்புவதில்லை. காலையில் பெக்கப்பை ஏற்றிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று, ‘கடைசிப் பற்றுச்சீட்டின் திகதி நேற்று’ என்று சொன்னால் நம்புவேன்.

மீட்க எவ்வளவு நேரம் என்பதையும் முகாமைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். ஒரு டெராபைட்டை ஒரு செக்கனுக்கு 100 மெகாபைட் வீதம் கொப்பி செய்ய மட்டும் இரண்டே முக்கால் மணித்தியாலம். பெக்கப் வேறு இடத்தில் இருந்து, 100 எம்பிபிஎஸ் லைனில் இறங்கவேண்டுமென்றால் 22 மணித்தியாலம். விபத்து நடந்த அன்று இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் காதுகொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

பெக்கப் ஃபைல் ஒன்றைச் சோதனைச் சேர்வரில் ஏற்றும்போது வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் அதோடு சேர்ந்து வருகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, ‘டெஸ்ட் தானே’ என்று சொல்லித் தப்ப முடியாது. குறியாக்கம் செய்யாத டம்ப் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுதிரிவதும் இதற்குள் அடங்கும்.

கிளவுட்டுக்குப் போய்விட்டால்

எல்லாவற்றையும் அமேசானோ மைக்ரோசொஃப்டோ பார்த்துக்கொள்ளும் என்று கிளவுட்டுக்குப் போகிறவர்கள் முதலில் முட்டுவது தூரத்தில். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். ஒளியிழைக்குள் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். போய்வர 27 மில்லி செக்கன். இது இயற்பியல் வகுத்த எல்லை, உண்மையில் இன்னும் கூடும். அப்ளிகேஷன் கொழும்பில், தரவுத்தளம் சிங்கப்பூரில் என்று பாதி மட்டும் மாற்றினால், ஒரு திரைக்கு 300 சிறிய குவெரி அனுப்பும் பழைய சிஸ்டம் எட்டுச் செக்கன் விழித்துக்கொண்டிருக்கும். அலுவலக நெட்வேர்க்கில் அதே 300 குவெரி கண்ணுக்கே தெரியாது. மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும்.

அடுத்தது பில். டொலரில் வருகிறது, 2022இல் சில வாரங்களுக்குள் ரூபா 200இலிருந்து 360க்குப் போனதை மறந்த நிதிப் பிரிவு எங்கும் இல்லை. ‘பாவிக்காத சேர்வர்களை நிறுத்துங்கள்’ என்று மாதா மாதம் கேட்பார்கள். அமேசானின் ஆர்டிஎஸ் தரவுத்தளத்தை நிறுத்தி வைக்கலாம், ஆனால் ஏழு நாள் கழிந்தால் அது தானாகவே எழும்பி ஓடத் தொடங்கும், கூடவே கட்டணமும். அந்த எரிச்சலில் ஒரேயடியாக நீக்கிவிடுகிறவர்கள், நீக்கும் திரையில் இருக்கும் இரண்டு சின்னப் பெட்டிகளைக் கவனிக்கவேண்டும். கடைசி ஸ்னாப்ஷொட் ஒன்றை எடுக்கவா என்று ஒன்று கேட்கும்; தானியங்கிப் பெக்கப்புகளை வைத்திருக்கவா என்று மற்றது கேட்கும். இரண்டையும் வேண்டாம் என்று விட்டால், தரவுத்தளத்தோடு அதன் தானியங்கிப் பெக்கப்புகளும் சேர்ந்தே போய்விடும். கையால் எடுத்த ஸ்னாப்ஷொட் ஏதாவது இருந்தால் அது மட்டும் மிஞ்சும்.